சில்வண்டின் இருபது புள்ளிகள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சும்மா புன்னகை இல்லை, விலாவைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு. ஆனால் இப்போது கிடையாது. மாடப்புறா குடியிருப்பின் நாலு மாடிச் சனமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உதட்டைக் கடித்துக்கொண்டும், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும், வானத்தில் ஏதோ விமானம் போகிறமாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டும் அந்தச் சிரிப்பை அடக்கிவைத்திருந்தார்கள். அவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும். எப்போது சிரிக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டிய ஆள் சொல்லுவார். அதுவரை கமுக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தூத்துக்குடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாக, கொடியில் காய்ந்த துணியைப் பிழிந்தால் ரசத்துக்கு உப்பு ஆகும் என்று பேர் வாங்கிய அந்தக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் ஜெனோவா இருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தவள். அவளுக்கு எந்தக் குரலும் வரும். மீன்காரம்மா "சாளேய், சாளை" என்று படி முழுக்க இழுத்துக்கொண்டே ஏறுவது வரும். குக்கர் விசில் அடிக்குமுன் ஒரு செருமல் செருமுமே, அது வரும். காலையில் ஸ்டார்ட் ஆகாத மொபெட்டும் அதை உதைக்கிற ஆளின் முனகலும் ஒரே மூச்சில் சேர்ந்து வரும். ஆனால் வீட்டுக்குள் அவள் வாயைத் திறக்கக் கூடாது. அப்பா சூசைக்கு அனல் மின் நிலையத்தில் எப்போதும் இரவு வேலை. பகல் முழுக்கத் தூங்குவார். ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் அவர் தூங்கினால் வீடே தூங்க வேண்டும். அம்மா பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் கவிழ்ப்பாள். ஜெனோவா தும்மலைத் தலையணைக்குள் தும்முவாள். மகளுக்கு இத்தனை குரல் வரும் என்பது சூசைக்கே தெரியாது, அவர் கேட்டதில்லை. அதனால் குரல்கள் அவள் நாக்குக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு சேரும். சேர்ந்து சேர்ந்து கன்னம் வீங்கிவிடும் என்கிற நேரம் படியேறி மொட்டை மாடிக்குப் போவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவாள். அந்த மாடி இல்லாவிட்டால் அவளுக்கு வாயே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சண்டை அந்த மாடியின் சாவிக்காகத்தான் நடந்தது.

விளையாட்டைக் கொண்டுவந்தது நாலாம் மாடி விண்ணரசி மிஸ்ஸின் தம்பி. கப்பலில் வேலை பார்க்கிறவன், ஏதோ துறைமுகத்தில் வாங்கிய பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டான். பெட்டிக்குள் ஒரு தடித்த புத்தகமும் பல முகம் கொண்ட பகடைகளும் இருந்தன. ஆளாளுக்கு ஒரு வீரனைக் கற்பனையில் செய்து அட்டையில் எழுதிக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மந்திரவாதி, பூதம், பறக்கிற பாம்பு என்று மாசக்கணக்கில் பயணம் போக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற விண்ணரசி மிஸ் அதை முழுக்கப் படித்தாள். "இவ்வளவு தூரம் போயிட்டு வர இங்க யாருக்கு லீவு இருக்கு" என்று சொல்லி, பயணத்தையெல்லாம் தள்ளிவிட்டு ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்: ஒருத்தனுக்கு ஒருத்தன் நின்று மோதுகிற ஒற்றைச் சண்டை. ஒவ்வொரு வீரனுக்கும் இருபது புள்ளி. யார் செய்தாலும் இருபதுதான், கூடக் கிடையாது, குறையக் கிடையாது. அதைப் பலம், வேகம், வாள், ஒளிவு, குரல், புத்தி என்ற ஆறு கட்டங்களில் இஷ்டம்போலப் பிரித்துப் போடலாம். போடுகிற விதத்தில்தான் ஆள் பிறக்கிறான் என்று மிஸ் சொன்னாள்.

மிஸ் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். ஆனால் கச்சான் காற்று உப்பை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதியிருந்த ஒரு வீரனை அவள் சத்தமாக வாசித்து, கடைசியில் அவன் பெயரைச் சொன்னதும், அட்டையில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். சுண்டுவிரல் உயரம். இடுப்பில் வாள். முழங்காலில் ஒட்டியிருந்த மையைத் தட்டிவிட்டு, எதிராளி எங்கே என்கிறமாதிரி நிமிர்ந்து பார்த்தான். மிஸ் தன் டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். எதிர் அட்டையையும் வாசித்தாள். அவனும் எழுந்தான், இருவரும் மோதினார்கள், தோற்றவன் அட்டைக்குத் திரும்பிப் படுத்து மறுபடி மையானான், ஜெயித்தவனும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்றோடு பகடைகளுக்கு வேலை இல்லாமல் போனது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் அவற்றைக் கோலி விளையாட எடுத்துக்கொண்டார்கள்.

வீரர்கள் எப்படி எழுந்தார்கள் என்று குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை. எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்டார்கள். தரைத்தளத்தில் முந்திரி மக்ரூன் போடுகிற டார்வின் அண்ணாச்சி தன் கேரம் போர்டைக் கொடுத்தார். பவுடர் தூவினால் கால் வழுக்காது என்று ஒரு கட்சியும், பவுடர் தூவினால்தான் வழுக்கும் என்று ஒரு கட்சியும் பிரிந்து, கடைசியில் கொஞ்சமாகத் தூவுவது என்று முடிவானது. பிறகு, சண்டை என்று ஒன்று இருக்கும்போது நாம் எதற்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. அதன்பிறகு குழாயடியில் யார் முந்தி, யார் வீட்டு மாவு எந்திரம் மதியத்தில் ஓடக் கூடாது, யார் வண்டி நிழலில் நிற்கும் என்பதெல்லாம் கேரம் போர்டின்மேல் தீர்ந்தது. தோற்றவர் மறு பேச்சுப் பேசக் கூடாது. பேசவும் இல்லை.

போகப் போக, அவரவர் செய்த வீரனில் அவரவர் தெரிந்தார்கள். டார்வின் அண்ணாச்சி, அடுப்பிலிருந்து எடுக்க ஒரு நொடி பிந்தினால் மக்ரூன் போச்சு என்கிற பயத்திலேயே வாழ்ந்தவர், இருபதையும் வேகத்தில் போட்டார். அவர் ஆள் பெயர் சொன்ன மாத்திரத்தில் ஓடி போர்டின் மறுபக்கத்தில் விழுந்து தோற்றான், ஒவ்வொரு தடவையும். முதல் மாடி எமல்டா அத்தை எல்லாக் கட்டத்திலும் சரிசமமாகப் போட்டு, மிச்சம் வந்த இரண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் குரலில் வைத்தாள். "ஒண்ணுக்கு மட்டும் கூடப் போட்டா மத்தது மூஞ்சத் தூக்கிக்கிடும்" என்றாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி டிவி ரிமோட்டுக்காக ஆளுக்கு ஒரு வீரனைச் செய்து இறக்கினார்கள். இரண்டும் சிவப்புக் காயின்மேல் சேர்ந்து உட்கார்ந்துகொண்டு சண்டைக்கு எழுந்திருக்கவே இல்லை, சனம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் உட்கார்ந்தே இருந்தன. மினி பஸ்ஸில் "உங்காளு புத்தி எத்தனை" என்று கேட்பது சகஜமானது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அட்டையைக் கேட்டார்கள். வாளில் நிறையப் புள்ளி போடுவது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒருத்தி கேட்க, பங்குச்சாமி கொஞ்சம் யோசித்து, பாவமில்லை மகளே, ஆனாலும் புத்திக்கு ஏதாவது மிச்சம் வை என்றார். அந்தப் பங்குச்சாமியே பாடகர் குழுத் தலைவருக்கு எதிராக ஒரு வீரனைச் செய்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

இப்படி எல்லாரும் அங்கொன்றும் இங்கொன்றும் ஜெயித்துத் தோற்றுக்கொண்டிருந்த இடத்தில், தோற்காத ஒருவர் இருந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கஸ்பார் மச்சாது. எமல்டா அத்தையின் புருஷன். கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, பச்சைச் சட்டை போட்ட குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாகக் கொடிமரத்தடிக்கு வரவும் என்று அறிவிப்பவர் அவர்தான். அந்தக் குரலுக்குக் காணாமல் போகாத பிள்ளைகள்கூட அழுதுகொண்டே கொடிமரத்தடிக்கு வந்துவிடும். அந்தக் குரல்மேல் அவருக்கு இருந்த மரியாதை வேறு யார்மேலும் இருந்ததில்லை. வீட்டில் உப்பு கேட்டால்கூட "அன்பார்ந்த எமல்டா" என்று தொடங்குவார்.

அவர் செய்த வீரன் பெயர் கஸ்பாரேந்திரன். பலம் பத்து, வாள் பத்து, மற்ற நாலும் பூஜ்யம்.

"புத்திக்கு ஒண்ணுமே போடலியே" என்று விண்ணரசி மிஸ் கேட்டபோது, "புத்தி எங்கிட்ட இருக்கு, அவனுக்கு என்னத்துக்கு" என்றார்.

சொன்னமாதிரியே நடந்தது. கஸ்பாரேந்திரன் தானாக இமைகூட அசைக்க மாட்டான். கஸ்பார் "முன்னால போ" என்றால் போவான், "வெட்டு" என்றால் வெட்டுவான். அந்த ஒரு வெட்டுக்குமேல் யாரும் நின்றதில்லை. அப்படி வெட்டி வெட்டி வண்டி நிழல் கஸ்பாருக்கு வந்தது, துணிக்கொடியின் வெயில் பக்கம் வந்தது, கருவாடு வறுக்கிற வாசம் அவருக்கு ஆகாது என்பதால் குடியிருப்பில் கருவாடே நின்றுபோனது. இதில் எமல்டா அத்தைதான் ரொம்ப மெலிந்துபோனாள். ஜெயிக்க ஜெயிக்க விதிகளும் அவர் சொல்படி ஆயின. அட்டைகளை மிஸ் வாசித்தால் எடுபடவில்லை, எதிராளியின் அட்டையை ஒவ்வொருவரும் தாமே வாங்கி ஊருக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார். தன் குரலுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

சாவி விவகாரம் தொடங்கியதும் குரலால்தான். ஒருநாள் சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி எல்லாம் போட்டுவிட்டு கஸ்பார் உள்ளே பவுடர் பூசப் போயிருந்த நேரம், மொட்டை மாடியிலிருந்து அவர் குரலே முழங்கியது: "அன்பார்ந்த குடியிருப்போரே, இன்றைய கூட்டம் தவிர்க்க முடியாத காரணத்தால் ரத்து செய்யப்படுகிறது. அனைவரும் வீட்டுக்குச் சென்று ஆளுக்கு ஒரு ஆம்லெட் சாப்பிடவும்." சனம் எழுந்துபோய்ச் சாப்பிட்டது. கஸ்பார் வெளியே வந்து காலி நாற்காலிகளுக்கு எதிரே வெகுநேரம் நின்றார். ஆம்லெட் வாசம் நாலு மாடியிலிருந்தும் இறங்கி வந்தது.

மறுநாள் படியில் ஜெனோவாவை மறித்தார்.

"ஏட்டி சூசை மகளே, நீதான அது?"

"எது மாமா?"

"எங்கொரலு."

"உங்க கொரல் உங்ககிட்டதான மாமா இருக்கு. காணாமப் போயிட்டா? கொடிமரத்தடியில பாக்கச் சொல்லவா?"

"வாயி," என்றார் கஸ்பார். "இந்த வாய்க்கு மாடி ஒரு கேடா. பூட்டிப்புடுதேன். சாவி இனி எங்கிட்ட. முடியாதுன்னா ஆளச் செஞ்சு எறக்கு, ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடுவோம்."

அப்போது சிரித்துக்கொண்டுதான் இறங்கி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், விரித்த பாயில் அப்பா தூங்குவதையும் அம்மா கரண்டியைச் சத்தமில்லாமல் தொங்கவிடுவதையும் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. எத்தனை குரல் உள்ளே இருக்கிறது. எல்லாம் இந்த அறைக்குள் தலையணையில் முகம் புதைத்தே கிடக்க வேண்டுமா.

ஆள் செய்யத் தெரியவில்லை அவளுக்கு. பலத்தில் எல்லாவற்றையும் போட்டு ஒருத்தனைச் செய்தாள், எமல்டா அத்தையின் சரிசமக்காரன் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தே தோற்கடித்தான். வேகமும் வாளுமாக ஒருத்தனைச் செய்தாள், அவன் டார்வின் அண்ணாச்சி ஆளோடு போட்டிபோட்டு ஓடி இருவரும் கைகோத்துக்கொண்டு விழுந்தார்கள். கல்யாணப் பத்திரிகைகள் தீர்ந்துபோய்க் காதுகுத்துப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தபோது, அவள் பென்சிலை வைத்துவிட்டு விண்ணரசி மிஸ்ஸிடம் கேட்டாள்.

"மிஸ், கஸ்பாரேந்திரன் மாமா சொல்லுததை மட்டுந்தான் கேப்பானா?"

"புத்தி பூஜ்யம்லா. செஞ்சவன் கொரல் எதுவோ, அதுதான் அவனுக்கு எல்லாம்."

"செஞ்சவன் கொரலா, செஞ்சவனா?"

மிஸ் திருத்திக்கொண்டிருந்த கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். ஜெனோவாவைப் பார்த்தாள். மறுபடி நோட்டுக்குக் குனிந்துகொண்டாள், ஆனால் சரியான விடைக்கெல்லாம் தப்புப் போட்டுக்கொண்டு போனாள்.

"புத்தகத்தில கொரல்னுதான் போட்டிருக்கு," என்றாள், நிமிராமல். "நான் ஒண்ணும் சொல்லல."

"நானே போர்டுக்குப் பக்கத்தில நின்னு பேசலாமா?"

"அது கூடாது. அடுத்தவன் ஆளுக்கு நாம உத்தரவு போடக் கூடாது. ஆளுக்கு ஆள் என்ன வேணாலும் பேசிக்கிடலாம்."

ஜெனோவா அந்தக் காதுகுத்துப் பத்திரிகையிலேயே எழுதினாள். பலம் பூஜ்யம், வேகம் பூஜ்யம், வாள் பூஜ்யம். ஒளிவு எட்டு. குரல் எட்டு. மிச்சம் நாலு இருந்தது. பங்குச்சாமி சொன்னது ஞாபகம் வந்து அதைப் புத்தியில் போட்டாள். பெயர் வேண்டும். எங்கிருந்து கத்துகிறது என்று தெரியாமல் ராத்திரி முழுக்க வீட்டைப் புரட்டிப் போட வைக்குமே, அதன் பெயரை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடி நிறைந்துவிட்டது. இரண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கேரம் போர்டு. டார்வின் அண்ணாச்சி தட்டு நிறைய மக்ரூன் கொண்டுவந்தார். கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு சூசையே படியேறி வந்து நின்றார். மகளுக்கு ஏதோ சண்டை என்று கேள்விப்பட்டுத் தூக்கத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தார். கஸ்பார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அந்தச் சட்டைப் பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதில் கண்ணாடிக் கூடு, செபமாலை, கைக்குட்டை, பேனா, சீப்பு, இருமல் மிட்டாய் எல்லாம் எந்நேரமும் இருக்கும். அதில் ஒரு பூனைக்குட்டியைப் போட்டால்கூட அவருக்குத் தெரியாது.

அவர் ஜெனோவாவின் அட்டையை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த குடியிருப்போரே. எதிரியின் பலம், பூஜ்யம். வேகம், பூஜ்யம். வாள், பூஜ்யம்." சனம் சிரிப்பதற்கு இடம்விட்டு நிறுத்தினார். "ஒளிவு எட்டு, குரல் எட்டு, புத்தி நாலு. ஏட்டி, சண்டைக்கு ஆள் செஞ்சியா, கண்ணாமூச்சிக்கு ஆள் செஞ்சியா?"

"பேரச் சொல்லுங்க மாமா, நேரமாவுது."

பெயர் சொல்லுகிற இடத்தை அவர் விசேஷமாகச் செய்வார். திருவிழாவில் மைக்கை நெஞ்சோடு அணைப்பதுபோல அட்டையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "சில்வண்டூ" என்று இழுத்தார். அந்த நேரம் அட்டை அவர் சட்டைப் பைக்கு ஓர் அங்குலத்தில் இருந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தபோது அட்டை வெறுமையாக இருந்தது. போர்டிலும் யாரும் இல்லை.

ஜெனோவா அவருடைய அட்டையை வாசித்தாள். கஸ்பாரேந்திரன் எழுந்து, பவுடரில் ஆழமாகத் தடம் பதித்து நடுவட்டத்தில் போய் நின்றான்.

"எங்க உன் ஆளு?" என்றார் கஸ்பார்.

"ஒளிவு எட்டுலா மாமா," என்றாள் ஜெனோவா. ஆனால் அவளுக்கும் தெரியவில்லை. போர்டின் மூலை வலைப்பைகளில் ஒன்றில்தான் ஒளிவான் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு வலையாகப் பார்த்தாள். எல்லாம் காலி. பவுடரில் ஒரு தடம்கூட இல்லை. ஓடிப்போய்விட்டானா. காற்று தூக்கிவிட்டதா. சாவி அவ்வளவுதானா.

"தடமே விழாம நடக்கானே," என்று கஸ்பார் குனிந்து போர்டை ஆராய்ந்தார். "பரவால்ல, கொஞ்சம் வித்தை தெரிஞ்ச பயதான்."

அப்போது ஜெனோவா அப்பாவைப் பார்த்தாள். சூசை போர்டைப் பார்க்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கஸ்பாரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கசக்கினார். அவர் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். கண்ணாடிக் கூட்டுக்கும் சீப்புக்கும் நடுவில், மிளகு அளவுக்கு ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தது. அது அவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

சூசை பார்த்ததை டார்வின் அண்ணாச்சி பார்த்தார், அண்ணாச்சி பார்த்ததை மிஸ் பார்த்தாள், மிஸ் பார்த்ததை ஆம்லெட் சாப்பிட்ட அத்தனை பேரும் பார்த்தார்கள், அப்படியே சிரிப்பு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குச் சத்தமில்லாமல் கைமாறிக்கொண்டே போய், எல்லா வாயும் இறுக மூடிக்கொண்டது. வானத்தில் நிறையப் பேர் விமானம் பார்த்தார்கள்.

"கஸ்பாரேந்திரா, முன்னால போ," என்றார் கஸ்பார்.

வீரன் முன்னால் போனான்.

"பின்னால வா," என்றது அதே குரல்.

வீரன் பின்னால் வந்தான்.

கஸ்பார் திகைத்தார். "இவன் என்னத்துக்குப் பின்னால வாரான்?"

"நீங்கதான பின்னால வான்னு சொன்னிய," என்றாள் எமல்டா அத்தை. அவள் கருவாடு தின்று ரொம்ப நாளாகிறது.

"நானா?"

"உங்க கொரலு எனக்குத் தெரியாதாக்கும். கல்யாணமான நாளா அதைத்தான கேக்கேன்."

கஸ்பார் யோசித்தார். குரல் தன்னுடையதுதான், சந்தேகமில்லை. அதுவும் வெகு பக்கத்திலிருந்து, தன் நெஞ்சிலிருந்தே வந்திருந்தது. அவ்வளவு திருத்தமாகப் பேச ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்.

"செயலாளர் தந்திரமாத்தான் ஆடுதாவ போல," என்றார் டார்வின் அண்ணாச்சி, மக்ரூன் தட்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு. "முன்ன போயிப் பின்ன வாரது."

"ஆமா," என்றார் கஸ்பார், முகம் தெளிந்து. "அது ஒரு தந்திரம்."

"வலது பக்கம் வெட்டு," என்றது குரல். "இடது பக்கம் வெட்டு. குனி. ஒத்தக் கால்ல நில்லு." கஸ்பாரேந்திரன் ஒற்றைக் காலில், வாளைத் தூக்கியபடி, தன்னைச் செய்தவரைப் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது என்னது செயலாளரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒத்தக் கால்ல நின்னா," என்றார் கஸ்பார் மெதுவாக, தானே அதைக் கண்டுபிடித்துக்கொண்டு, "எதிரிக்குக் குறி தப்பும்."

"மூக்கப் பிடி. மூணு தடவ சுத்து. தோப்புக்கரணம் போடு." ஒவ்வொன்றுக்கும் கஸ்பார் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மூக்கைப் பிடித்தால் மூச்சு அடங்கும், சுற்றினால் நாலு திசையும் பாதுகாப்பு, தோப்புக்கரணம் போட்டால் தொடை இறுகும். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் ஏறியது. இவ்வளவு போர்த்தந்திரம் தனக்குள் இருந்ததை எண்ணி அவர் கொஞ்சம் வியந்துகூடப் போனார். விண்ணரசி மிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. ஜெனோவா உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியிருக்கவில்லை. எட்டுப் புள்ளிக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த சூசை மட்டும், மெல்ல மகள் பக்கம் திரும்பினார். அதைச் செய்தவள் யார் என்று யோசிக்கிற முகம் அது. திரும்பியவர் திரும்பியபடியே இருந்தார்.

"வாளைக் கீழ வை," என்றது குரல், வெகு நிதானமாக.

கஸ்பாரேந்திரன் வைத்தான்.

"இதுவும் தந்திரமா செயலாளரே?"

"ஆமா," என்று சொல்லிவிட்டுத்தான் கஸ்பாருக்கு உறைத்தது. வாளைத் தானாகக் கீழே வைத்தவன் தோற்றவன். அந்த விதியையும் அவரே போட்டிருந்தார். வீரன் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சுற்றிய தலைசுற்றலில் தள்ளாடித் தள்ளாடி நடந்து, அட்டையில் படுத்து மையானான்.

"ஜெனோவா ஆளு ஜெயிச்சாச்சு," என்றாள் மிஸ், சுவரைப் பார்த்தபடியே.

"நானா அப்படிச் சொன்னேன்?" கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தார். "வைன்னு நானா சொன்னேன்?"

"வேற யாரு சொல்லுவா," என்று எமல்டா அத்தை டீயை நீட்டினாள். "குடிங்க மொதல்ல. தொண்ட கட்டிரும்."

பெரிய மடக்காக ஒரு மடக்குக் குடித்தார். கொதிக்கிற டீ. விழுங்க முடியவில்லை, துப்ப மரியாதை இல்லை, இரண்டு கன்னமும் உப்ப வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆற்றினார். அந்த நேரத்தில் அவர் குரல் முழங்கியது, திருவிழா மைக்கில் முழங்குகிற அதே முழக்கம்.

"அன்பார்ந்த குடியிருப்போரே. மொட்டை மாடிச் சாவி ஒன்று செயலாளரின் இடுப்பில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. சூசை மகள் ஜெனோவா எங்கிருந்தாலும் உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளவும். இனி மாடி பூட்டப்படாது. கருவாடு வறுக்கப்படும்."

கஸ்பார் பாதிக் கண்ணை மூடி அதைக் கேட்டார். என்ன உச்சரிப்பு, என்ன நிறுத்தம். தலை தானாக அசைந்தது. அந்தக் குரல் ஒரு காரியத்தைச் சொன்னால் அதைச் செய்யாமல் இருக்க யாராலும் முடிந்ததில்லை, அவராலும் முடியவில்லை. கை இடுப்புக்குப் போய்ச் சாவியை அவிழ்த்தது, நீட்டியது, ஜெனோவாவின் கையில் வைத்தது. அவளை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறக்கப் போனவர், திறக்கவில்லை. வாய்க்குள் டீ இருந்தது.

கஸ்பார் டீயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். மறுபடி இடது கன்னத்துக்குக் கொண்டுவந்தார். டீ இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அவர் கண் மெதுவாக, மிக மெதுவாக, தாடையைத் தாண்டி, பித்தானைத் தாண்டி, சட்டைப் பைக்கு இறங்கியது. கண்ணாடிக் கூட்டில் சாய்ந்துகொண்டு, இருமல் மிட்டாயை நக்கிக்கொண்டிருந்த சில்வண்டு அண்ணாந்து பார்த்து, கையைத் தூக்கி ஒரு சலாம் போட்டது.

அவர் டீயை விழுங்கிய சத்தம் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். ஜெனோவா சாவியை இறுக்கிப் பிடித்தாள், கத்தப் போகிறார் என்று. ஆம்லெட்டும், மூக்கைப் பிடித்ததும், ஒற்றைக் காலில் நின்றால் குறி தப்பும் என்றதும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறி வந்தன. மீசை துடித்தது. கன்னம் இரண்டும் டீ இல்லாமலே உப்பின.

"அன்பார்ந்த குடியிருப்போரே," என்றது குரல். "இப்போது சிரித்துக்கொள்ளலாம்."

ஜெனோவா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை அவர் உதடு அசைந்தது.